கண்டியில் ஒரு ஹம்மெல்ஷ்ப்ருங்

ஜனநாயகத்தைக் கண்டுபிடித்தவர்கள் கிரேக்கர்கள். அதற்குக் கதவு வைத்து எண்ணியவர்கள் ஜேர்மானியர்கள். அதன் பூரணத்துவத்தைக் காண உலகம் கண்டி மலைச்சாரல் தமிழர் நலன்புரிச் சங்கத்தின் பொதுக்கூட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சங்க மண்டபத்தைச் சனிக்கிழமைகளிலும் கல்யாணத்துக்கு விடுவதென்று தலைவர் பாலேந்திரன் தீர்மானித்திருந்தார். அங்கேதான் வத்தேகமத் தோட்டப் பிள்ளைகளுக்குத் தெரேசா டீச்சர் சனிக்கிழமை வகுப்பு நடத்தினாள். வகுப்பு தொடர வேண்டும் என்பது அவளுடைய பிரேரணை. வீடு வீடாகப் போய்ப் பேசியிருந்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் கை உயர்த்தச் சொன்னால் எல்லோரும் முதலில் தலைவரின் கையைப் பார்ப்பார்கள். ஆகவே ரகசிய வாக்கெடுப்புக் கேட்டாள்.

பாலேந்திரன் பெர்லினில் மகன் வீட்டில் ஒரு மாதம் தங்கிவிட்டு வந்தவர். ஆகவே ‘ஜேர்மன் அரசியல் நிபுணர்’.

“ரகசிய வாக்கெல்லாம் பழசு பிள்ளை. அங்க பாராளுமன்றத்தில ‘ஹம்மெல்ஷ்ப்ருங்’ எண்டு ஒண்டு இருக்கு. எல்லாரும் வெளிய போவினம். ‘ஓம்’ எண்டவை ஒரு கதவால, ‘இல்லை’ எண்டவை மற்றக் கதவால உள்ள வருவினம். எண்ணுறதுதான் வேலை.”

“பேருக்கு என்னங்க ஐயா அர்த்தம்?” என்றார் பொருளாளர் அமலதாஸ். அவருடைய மகளும் அந்த வகுப்பில்தான் படித்தாள்.

“‘ஷ்ப்ருங்’ எண்டால் பாய்ச்சல். மிச்சம் பிறகு.”

சபை மழையில் இறங்கியது. தலைவர் ‘இல்லை’ கதவடியில் நின்று, “வாங்கோ, வாங்கோ” என்று கைகூப்பினார். பெரிய மனிதர் வாசலில் நின்று அழைக்கும்போது அடுத்த வாசலால் நுழைவது வாக்களிப்பு அல்ல, அவமரியாதை. கல்யாண வீட்டில் பன்னீரை மறுப்பதற்குச் சமம். சபை மரியாதை தெரிந்த சபை.

‘ஓம்’ கதவால் தெரேசா மட்டும் வந்தாள். அங்கே எண்ணுவதற்கு ஆள் நியமிக்கப்பட்டிருக்கவில்லை. ஆகவே பிரேரணை ‘ஏகமனதாக’ நிராகரிக்கப்பட்டது.

தேநீரோடு அமலதாஸ் அருகில் வந்தார். “மனசுல நான் உங்க பக்கந்தாங்க டீச்சர்.”

“உங்க மனசு எந்தக் கதவால வந்துச்சுங்க அண்ணே? நான் வந்த பக்கம் காணலியே.”

அமலதாஸ் அவசரமாகத் தலைவரிடம் திரும்பினார். “ஐயா, அந்த ‘ஹம்மெல்’னா என்னாங்க?”

“செம்மறிக் கடா. ஆட்டை எண்ணி உள்ள விடுற மாதிரி எண்டுதான் அந்தப் பேர்.” நிபுணர் தொண்டையைச் செருமினார். “சும்மா கடா இல்லை. காயடிச்ச கடா.”

அமலதாஸ் விழுந்து விழுந்து சிரித்தார். “அட பாவமே! அந்த ஊர் எம்பீமாருக்கு ரோசமே இல்லீங்களா?”

“அங்க அது வெறும் பேருதாங்க அண்ணே” என்றாள் தெரேசா.