யாருக்கும் கட்டுப்படாத நர்ஸ்

யாருக்கும் கட்டுப்படாத நர்ஸை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் உங்களுக்கு நல்ல உடம்பு, வாழ்த்துகள். படுத்து எழுந்தவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது.

எந்த ஆஸ்பத்திரியிலும் அவருக்கு நிரந்தர வேலை கிடையாது. எங்கே ஆள் குறைகிறதோ அங்கிருந்து காலை ஐந்தரைக்குப் போன் வரும். போனால் அன்றைக்குச் சம்பளம், போகாவிட்டால் இல்லை. இதை யாராவது நாள்கூலி என்று சொல்லிவிட்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

“என் நாள், என் இஷ்டம். ஒரு நாள் லீவுக்காக மேட்ரன் முன்னாடி நான் எதுக்குக் கைகட்டி நிக்கணும்?” என்பார்.

நியாயம்தான். மணிக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் நிரந்தர சிஸ்டர்களைவிட அவருக்குச் சம்பளம் கூட; மாதக் கூட்டம் கிடையாது, கோள்மூட்டல் கிடையாது, எந்த வார்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்று ஞாபகம் வைத்துக்கொள்ளும் தொல்லை கிடையாது. அவர் பெயர் யாருக்கும் தெரியாது என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுவார். ‘இன்னைக்கு வந்த சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிற பெரியவர், பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மணியடிக்கிற அம்மாள், எட்டு சொந்தக்காரர்கள் சூழ்ந்து நின்று டாக்டரைவிட அதிகம் பேசுகிற மூலைக் கட்டில் எல்லாம் அவருக்கென்றே எடுத்து வைக்கப்பட்டிருக்கும். பஞ்சு எந்த அலமாரியில், அலமாரிச் சாவி யாரிடம் என்று கண்டுபிடிப்பதற்குள் பாதி நாள் ஓடிவிடும். மறுநாள் வேறு ஆஸ்பத்திரி. அங்கே பஞ்சு வேறு அலமாரியில்.

இத்தனைக்கும் பதிலாக அவர் வாங்கி வைத்திருப்பது ஒரே ஒரு உரிமை. முடியாது என்று சொல்லும் உரிமை. அதை நகையைப் போலப் பூட்டி வைத்திருக்கிறார். ஆறு வருஷத்தில் ஒரு தரம்கூட வெளியே எடுத்ததில்லை. ஒரு தரம் மறுத்தால் மறு தரம் கூப்பிடாமல் விட்டுவிட்டால்? அதனால் அவர் குளிக்கப் போனால் மகள் போனோடு கதவுக்கு வெளியே நிற்பாள். சினிமாவுக்குப் போனால் ஓரத்து நாற்காலிதான் வேண்டும். கட்டுப்படாதவர் அல்லவா?

மகளுக்கு ஒரு வியாழக்கிழமை பத்து மணிக்குப் பள்ளியில் பேச்சுப் போட்டி. எதிர்வீட்டு சிஸ்டர் ஓர் ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலையில் இருப்பவர். அவர் மகனும் அதில் பேசுகிறான். அவர் மூன்று வாரம் மேட்ரனிடம் கெஞ்சி, இரண்டு விண்ணப்பம் எழுதி, அரை நாள் லீவு வாங்கினார். நம்மவர் அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது. எனக்கு லீவே வேண்டாம், முதல் வரிசையில் இடம் போட்டு வை என்று மகளிடம் சொன்னார்.

வியாழக்கிழமை காலை ஐந்தரைக்குப் போன் அடித்தது.

“காலையில மட்டும் வந்தா போதும் சிஸ்டர். இங்க ஒருத்தங்க அரை நாள் லீவு. பையனுக்கு ஏதோ பேச்சுப் போட்டியாம்.”

யாருடைய லீவு என்பது நம்மவருக்குப் புரியாமல் இல்லை. புரிந்துதான், வருகிறேன் என்றார்.

முதல் வரிசையில் ஒரு நாற்காலியில் மகளின் பள்ளிக்கூடப் பை உட்கார்ந்திருந்தது. பக்கத்து நாற்காலியில் எதிர்வீட்டு சிஸ்டர். அதே நேரம் அவருடைய வார்டில், அவருடைய மேஜைக்குப் பின்னால், நம்மவர் பஞ்சைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

சாயங்காலம் மகள் அழவில்லை. ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

“எதிர்வீட்டு ஆன்ட்டி எனக்கும் சேர்த்துக் கைதட்டினாங்க. நீயும் லீவு கேக்குற மாதிரி ஒரு வேலைக்குப் போயேம்மா.”

அம்மா பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் போன் அடித்தது. பாதி மணியிலேயே எடுத்துவிட்டார்.

நாம் நர்ஸ் இல்லையே என்று நிம்மதியாக இருக்கிறீர்களா? கடை வைத்திருக்கலாம், வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதிக் கொடுக்கலாம், என்னைப் போலக் கேட்டபோதெல்லாம் கட்டுரை எழுதிக் கொடுக்கலாம். ‘நமக்கென்ன, மேல கீழ ஆள் கிடையாது’ என்று நீங்களும் எங்கேயோ சொல்லியிருப்பீர்கள். உங்களுக்காகவும் யாரோ ஒரு நாற்காலியில் பையை வைத்துவிட்டு மேடை ஏறியிருப்பார்கள். கடைசியில் அந்தப் பையை யார் எடுத்தது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.