டாக்டர் மேஜை மேல் இரண்டு டப்பா

“பாகுந்தா?” நன்றாக இருக்கிறதா என்று தெலுங்கில் கேட்டார் டாக்டர்.

“பாகுந்தண்டி” என்று சொல்லிவிட்டு நாகபூஷணம் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

நன்றாக இல்லை. அதைச் சொல்லத்தான் அரை நாள் லீவு போட்டுச் சித்தூர் கிளினிக்குக்கு வந்திருந்தான். அதற்குள் டாக்டர் மேஜை டிராயரைத் திறந்து, உள்ளே ஒரு பார்வை பார்த்து, மூடி, “சால மஞ்சிதி” என்றார். மிக நல்லது என்று அர்த்தம். அதே மாத்திரை, இன்னும் ஒரு வாரம்.

வெளியே பெஞ்சில், டோக்கன் கொடுக்கும் லட்சுமம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள் மனைவி தேன்மொழி.

“இன்னா சொன்னாரு?”

“நல்லா கீறேன்னு.”

“அவரா சொன்னாரு?”

“நான்தான் சொன்னேன். அவரு ஒத்துக்கினாரு.”

லட்சுமம்மா சிரித்துக்கொண்டே அடுத்த ஆளை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.

நாகபூஷணத்துக்கு மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் வேலை. கூழைச் சூடாக டப்பாவில் நிரப்பி மூடுவார்கள். ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, மூடியை மத்தளத் தோல் போல இறுக்கிப் பிடிக்கும். குச்சியால் தட்டினால் ‘டிங்’. எங்காவது காற்றுப் புகுந்திருந்தால் ‘டொப்’. டொப் டப்பா சில நாளில் உப்பிக்கொள்ளும். நாகபூஷணம் நடந்துகொண்டே தட்டி, டொப்பையெல்லாம் பொறுக்கி எடுத்துவிடுவான். ஆறு மாதமாக அவனுக்கு எல்லா டப்பாவும் ஒரே மாதிரி கேட்டது. சோறும் ஒரே மாதிரி, சினிமாவும் ஒரே மாதிரி. அடுத்த மாதம் சீசன். இப்போதெல்லாம் டப்பா கப்பலேறி வெளிநாடு போகிறது. காது திரும்பாவிட்டால் வேலை போய்விடும்.

மனச்சோர்வுக்கான இந்த மாத்திரையை முதலில் எழுதியவர் பழைய டாக்டரம்மா. “காய்ச்சல் மாத்திரை மாதிரி உடனே கேக்காதுப்பா. நாலஞ்சு வாரம் ஆகும். அப்பவும் சரியாகலன்னா வந்து சொல்லணும். அளவைக் கூட்டலாம், வேற மாத்தலாம். நீயா நிறுத்தக் கூடாது” என்று தெளிவாகத் தமிழில் சொல்லிவிட்டு, அவர் அமெரிக்கா போய்விட்டார். அவர் இடத்துக்குச் செவ்வாய்தோறும் வருபவர்தான் இந்தப் புது டாக்டர்.

இது ஏழாவது வாரம். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் உண்டு, சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை உண்டு. இந்த நோய்க்கு மட்டும் நோயாளியின் வாய்தான் மீட்டர். அந்த மீட்டர் ‘பாகுந்தி’யில் மாட்டிக்கொண்டிருந்தது.

நாகபூஷணத்துக்குத் தெலுங்கு தெரியாமல் இல்லை. தெலுங்கில் மனு கொடுப்பான், மாங்காய் மண்டியில் சண்டை போடுவான். ஆனால் விடியுமுன் விழித்து, நெஞ்சில் கல்லை வைத்தது போலக் கூரையைப் பார்த்துக் கிடப்பதை அவன் இதுவரை தெலுங்கில் செய்ததில்லை. போன தடவை “பாகலேது”, நன்றாக இல்லை, என்றுதான் ஆரம்பித்தான். “எந்துக்கு?” என்றார் டாக்டர். ஏன் என்று தெரிந்தால் இவன் எதற்கு டாக்டரிடம் வருகிறான்? ‘பாகுந்தி’ என்று வாபஸ் வாங்கிவிட்டான்.

தேன்மொழியின் தம்பி கோபிகிருஷ்ணன் பத்திரம் எழுதுபவன். “இதெல்லாம் ஒரு விசயமா மாமா?” என்று தெலுங்கில் ஒரு முழுப் பக்கம் சொல்லிக்கொடுத்தான். அடுத்த செவ்வாய், நாகபூஷணம் அதை மூச்சுவிடாமல் ஒப்பித்தான். டாக்டர் டிராயரைத் திறந்தார். நெடுநேரம் உள்ளேயே பார்த்தார். மூடினார்.

“சால மஞ்சிதி!”

“இவ்ளோ கஷ்டத்தச் சொல்றேன், ரொம்ப நல்லதுன்றாரு. மனுசனா அவரு?” என்றான் வெளியே வந்து.

“நீ இளிச்சிக்கினே சொல்லியிருப்ப” என்றாள் தேன்மொழி.

“மறந்துடப் போறனேன்னு பயத்துல இளிச்சேன்.”

அதற்கடுத்த வாரம் கோபிகிருஷ்ணனே கூட வந்தான். மேற்படி நாகபூஷணம் ஆகிய இவர் என்று பத்திரத் தெலுங்கில் தொடங்கி, நிலத்துக்கு நான்கு எல்லை சொல்வது போல, மாமாவின் நெஞ்சைத் தட்டித் தட்டிப் பத்து நிமிஷம் பேசினான். டாக்டருக்கு வியர்த்தது. கோபி தட்டிய இடத்தையே உற்றுப் பார்த்தார். பிறகு திருப்பதிக்குச் சீட்டு எழுதினார். இருதயத்துக்கு ஈ.சி.ஜி.!

“பாத்தியா மாமா, நான் பேசனா எப்டி வேல நடக்குது!”

திருப்பதி பஸ்ஸில் மொட்டை போடப் போகிறவர்களுக்கு நடுவே நின்றபடி போய்ச் சேர்ந்தான். ஈ.சி.ஜி. எடுத்தவர் நல்ல தமிழ்க்காரர். “நெஞ்சு கல்லு மாதிரி கீதுங்க!” என்றார்.

“அதத்தான் நானும் சொல்லிக்கினு கீறேன்” என்றான் நாகபூஷணம்.

அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் டாக்டர் முகம் மலர்ந்தது. “பாகுந்தி! சால மஞ்சிதி!” இத்தனை நாள் வாய்ப்பேச்சாக இருந்த பொய்க்கு இப்போது ஆதாரமும் கிடைத்துவிட்டது.

சீசனுக்கு நான்கு நாள் இருக்கையில் நாகபூஷணம் ஒரு பையோடு கிளினிக்குக்குப் போனான். பையில் இரண்டு டப்பா, ஒரு குச்சி. ஒன்று நல்லது, ஒன்று கெட்டது. எது எதுவென்று அவனுக்குக் கேட்கவில்லை. தேன்மொழிதான் தட்டிப் பார்த்து, கெட்டதன் மேல் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தாள்.

இரண்டையும் மேஜை மேல் வைத்தான். வாயைத் திறக்கவில்லை. முதல் டப்பாவை ஓங்கித் தட்டினான். டிங். சுண்ணாம்பு டப்பாவைத் தட்டினான். டொப். மறுபடியும் தட்டினான். பிறகு டொப் டப்பாவைத் தூக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, மாத்திரை அட்டையைக் காட்டி, இல்லை என்று தலையாட்டினான். கண் கலங்கிவிட்டது.

டாக்டர் டிராயரைத் திறக்கவில்லை. குச்சியை வாங்கித் தானே தட்டினார். டிங். டொப். டப்பாவையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பாகலேது” என்றார் மெதுவாக. ஏன் என்று கேட்கவில்லை.

“பாகலேது!” என்று சந்தோஷத்தில் கத்தினான் நாகபூஷணம்.

“பாகலேது! பாகலேது!” என்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார் டாக்டர். வேறு மாத்திரை எழுதி, பழையதைக் குறைத்துப் புதியதைத் தொடங்கும் விதத்தை, காலைக்குச் சூரியனும் இரவுக்கு நிலாவுமாகப் படம் வரைந்து காட்டினார்.

எப்போதும் கதவுக்கு வெளியிலேயே இருக்கும் லட்சுமம்மா, டப்பா சத்தம் கேட்டு ஓடிவந்து, இரண்டு பேரையும் பார்த்து இடுப்பில் கை வைத்தாள்.

“இன்னா சார் கூத்து இது? வெளிய பெஞ்சுல இந்தாளு பேசறது தமிழு, வேலூர்லேர்ந்து வர்ற நீங்க எங்கிட்ட பேசறதும் தமிழு. உள்ள மட்டும் ரெண்டு பேரும் இன்னாத்துக்கு அந்த டிராயர்ல கீற தெலுங்கு கத்துக்கற பொஸ்தகத்த வச்சிக்கினு கஷ்டப்படறீங்க?”