மின்பிறப்பாக்கித் தெரிவுக் குழு

உலகில் முதன்முதலாக நெருப்பு மூட்டியவன் ஒரு பெருந்தவறு செய்தான். கூட்டம் கூட்டாமல் மூட்டிவிட்டான். அதனால்தான் அவன் பெயர் எந்தக் கூட்டக் குறிப்பிலும் இல்லை. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் நிற்கும் எங்கள் ‘ஓஷன் பேர்ள் றெசிடென்சி’ அத்தகைய தவறைச் செய்யாது. நான்கு மாடி, எட்டு வீடு, கடல் தெரியாத எட்டு பல்கனி. இத்தனைக்கும் பொதுவாக ஒரு சிறிய ஜெனரேற்றர் வாங்குவதற்கு நாங்கள் ஏழு மாதங்களில் பதினொரு கூட்டங்கள் நடத்தினோம். பதினொன்றுக்கும் குறிப்பெழுதிய செயலாளர் நான். ஆகவே இந்தச் சாதனையை உலகறியச் செய்வதும் என் கடமை.

நான் செயலாளரான விதமே ஜனநாயகத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. நான் அதிகம் பேசுகிறவன் அல்லன், வாசிக்கிறவன். கூட்டங்களுக்கும் புத்தகத்தோடுதான் போவேன். “செயலாளர் பதவிக்கு இவரைப் போட ஆருக்கும் ஆட்சேபணை இருக்கோ?” என்று தலைவர் இராஜநாயகம் கேட்டபோது நான் ஓர் அத்தியாயத்தின் நடுவில் இருந்தேன். என் மௌனம் ஏகமனதாக நிறைவேறியது.

எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. உபமின்நிலையத்துக்குள் பாய்ந்த ஒரு குரங்கின் மீது பழியைப் போட்டுவிட்டு நாடு முழுவதும் மின்சாரம் நின்றதே, அந்த ஞாயிறு.

எங்கள் மூன்றாம் மாடியில் ரொனி இருக்கிறார். கொட்டாஞ்சேனைக்காரர். துறைமுகத்தில் முப்பது வருடம் சீமெந்துக் கப்பல்களில் வேலை செய்தவர். அவர் ஓய்வு பெற்றார். அவருடைய சுவாசப்பையில் தங்கிய சீமெந்து ஓய்வு பெற மறுத்துவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் ஒட்சிசன் மெஷின். அது ஓடினால் அவர் மூச்சு ஓடும். அன்று மெஷின் நின்றதும் அவர் மனைவி மாக்ரெட், சமையலறை ஜன்னலால் நீளமான ஒரு வயரைப் பின்பக்கம் இறக்கினார். மதிலுக்கு அப்பால் ஜவாத்தின் சாப்பாட்டுக் கடை. ஜவாத் தன் கிழட்டு ஜெனரேற்றரில் அந்த வயரைச் செருகினார். பாரம் தாங்காதென்று பலூடா அடிக்கும் பிளென்டரை நிறுத்தினார். ரொனி பிழைத்தார்.

ஆனால் எங்கள் மானம் பிழைக்கவில்லை.

“மூன்று அறை வீடுகள் உள்ள ஒரு றெசிடென்சி,” என்றார் இராஜநாயகம் முதலாவது கூட்டத்தில். “சாப்பாட்டுக் கடை வயரில தொங்கிறதோ? ரோட்டில போறவன் என்ன நினைப்பான்?”

வயர் பின்பக்கம் இருந்தது. ரோட்டில் போகிறவனுக்குத் தெரியாது. ஆயினும் அவன் என்ன நினைப்பான் என்று நாங்கள் ஒன்றரை மணி நேரம் சிந்தித்தோம். முடிவில் சொந்தமாக ஒரு ஜெனரேற்றர் வாங்கத் தீர்மானித்தோம். மாக்ரெட் அழுதுவிட்டார். மறு கூட்டத்துக்கு ஒரு லவ் கேக் செய்து கொண்டுவந்தார். “கர்த்தர் உங்களை ஆசீர்வதிக்கட்டும் சேர்,” என்றார். கேக்கை நாங்கள் ஏகமனதாக ஏற்றுக்கொண்டோம்.

ஐந்தாவது கூட்டம் ஒரு ‘கள விஜயம்’. பஞ்சிகாவத்தையில் ஒரு கடை. அங்கிருந்த விற்பனையாளர் ஹஸன் அனுபவம் போதாதவர் என்பது அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே தெரிந்தது.

“என்னென்ன ஓடணும் சேர்? அதச் சொன்னாத்தான் எத்தன வொட் எண்டு பார்க்கேலும்.”

“அதை உபகுழு பிறகு தீர்மானிக்கும்.”

“அது தெரியாம எப்பிடி சேர் மெஷின் எடுக்கிற?”

இராஜநாயகம் கருணையோடு சிரித்தார். “தம்பி, முதல்ல மெஷினை எடுப்பம். பிறகு அதுக்கு வேலை தேடுவம். கந்தோரில முப்பத்தாறு வருஷம் இப்படித்தான் ஆளெடுத்தனாங்கள்.”

ஹஸன் நான்கு மெஷின்களை ஓட்டிக் காட்டினார். முதலாவது கத்தியது. இரண்டாவது இருமியது. மூன்றாவதைக் கேட்டு எதிர்க்கடை நாய் எழுந்து போயிற்று. நான்காவது பரவாயில்லை; ஆனால் நிறம் மஞ்சள், எங்கள் மதிலோ சாம்பல். அப்போதுதான் மூலையில் ஒன்றைக் கண்டோம். கருஞ்சாம்பல் நிறம். துளிச் சத்தமில்லை. எல்லோரும் அதைச் சுற்றி நின்று காது கொடுத்தோம். அப்படியோர் அமைதி.

“இதுதான்,” என்றார் தலைவர்.

“அது ஓடல்ல சேர். பெற்றோல் இல்ல. சும்மா ஈக்கு.”

“சத்தம் இல்லைத்தானே?”

இரண்டாயிரம் வொட். அதையே வாங்கினோம். முற்றத்தில், முதலாம் மாடியில் என் வாசிப்பு ஜன்னலுக்கு நேர் கீழே வைப்பதாக முடிவாகியிருந்ததால், அந்த அமைதியில் எனக்கும் சிறிது அக்கறை இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஒன்பதாவது கூட்டத்தில் ‘அத்தியாவசியப் பட்டியல்’ வந்தது. தண்ணீர் மோட்டர் ஏறியது. வாசல் கேட் ஏறியது. கையால் தள்ளியும் திறக்கலாம், ஆனால் தள்ளுகிறவன் வீட்டுக்காரனா காவல்காரனா என்ற ஐயம் வரும். கமெராக்கள் ஏறின, இருட்டைத் தெளிவாகப் பதிவு செய்ய. கட்டடத்தின் பெயரைச் சொல்லும் பலகைக்கு நானூறு வொட். லொபி விளக்குக்கும் அங்கேயுள்ள, இரண்டாம் மாடி லுத்பியாவின் மீன் தொட்டிக்கும் இருநூற்றைம்பது. கூட்டிப் பார்த்தால் ஆயிரத்துத் தொளாயிரம். நூறு வொட் மிச்சம்.

மாக்ரெட் எழுந்தார். “சேர், ரொனிட மெஷினை விட்டிட்டீங்கள். முந்நூற்றைம்பது வொட்தான்.”

“மிஸிஸ் ரொனி,” என்றார் தலைவர் மிகவும் பணிவாக, “மூச்சு விடுறது ஒருத்தரின்ர தனிப்பட்ட விஷயம். இது பொதுச் சொத்து.”

“அப்ப லுத்பியாட மீன்?”

“எங்கட மீன் லொபியிலயெல்லோ ஈக்கு,” என்றார் லுத்பியா. “லொபி பொதுதானே?”

“அப்ப ரொனியையும் கட்டிலோட கீழ இறக்கி மீனுக்குப் பக்கத்தில வைக்கட்டோ?”

தலைவர் விதிக் கோவையைப் புரட்டினார். ஒரு யோசனையை அவர் பரிசீலிக்காமல் தள்ளமாட்டார். “லொபியில தளபாடம் வைக்கிறதெண்டால் பதினாலு நாளுக்கு முன்னம் எழுத்தில அறிவிக்க வேணும்.”

மாக்ரெட் பட்டியலில் விரலை வைத்தார். “சரி, அந்தப் பேர் போர்ட்டை எடுங்கோ. அதில நானூறு இருக்கு. கரண்ட் இல்லாத நேரத்தில ஆர் வந்து எங்கட பேரை வாசிக்கப் போறான்?”

“இது பிரேரணையோ?”

“ஓம். பிரேரணைதான்.”

“ஆமோதிப்பவர்?”

விதிப்படி ஒரு கை போதும். ஒரு கை உயர்ந்தால் விவாதம்; விவாதம் வந்தால் வாக்கெடுப்பு. சபையில் மௌனம் நிலவியது. நான் மௌனங்களை ரசிப்பவன். ஆனால் அவ்வளவு முழுமையான ஒன்றை அதற்கு முன் அனுபவித்ததில்லை. மீன் தொட்டியில் குமிழி உடைவது கேட்டது. ஒருவர் தன் நகத்தை ஆராய்ந்தார். லுத்பியா கூரையைப் பார்த்தார். செயலாளருக்கும் கை உண்டு என்று விதி சொல்கிறது. ஆனால் அந்தக் கையில் பேனை இருந்தது.

நான் எழுதினேன்: “ஆமோதிப்பவர் இல்லாமையால் பிரேரணை கைவிடப்பட்டது.”

பிறகு ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஒழுங்கை முனையிலிருந்த ட்ரான்ஸ்போமர் வெடித்தது. எங்கள் பொற்காலம் பிறந்தது. உடனே இயக்கிவிடவில்லை, நாங்கள் காட்டுமிராண்டிகள் அல்லர். ரிப்பன் கட்டினோம், கத்தரிக்கோல் தேடினோம். தலைவர் பன்னிரண்டு நிமிடம் உரையாற்றினார். பிறகு கயிற்றை இழுத்தார். பெற்றோல் ஊற்றியதும் அதன் அமைதி போய்விட்டது, ஆயினும் ஓடியது. உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த வெயிலில் ‘ஓஷன் பேர்ள் றெசிடென்சி’ பளபளவென்று எரிந்தது. மீன்களுக்குக் காற்று வந்தது. கைதட்டினோம்.

கைதட்டல் அடங்கியபோது மேலேயிருந்து ஒரு சத்தம்: பீப், பீப், பீப்.

“ஆரின்ர போன் அது? ஓஃப் பண்ணுங்கோ,” என்றார் தலைவர்.

அது ரொனியின் மெஷின். ரிப்பனுக்கு முன்பிருந்தே அடித்திருக்க வேண்டும்.

பின்பக்கத்தில், கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கம்மிப்போன மாக்ரெட்டின் குரல்: “ஜவாத் நானா! ஜவாத் நானா!”

“போடுங்க மெடம், போடுங்க! வயரப் போடுங்க!”

பிளென்டர் நின்றது.

“ஓடுதா?”

“ஓடுது! ஓடுது!”

பீப் நின்றது. என் வாழ்நாளில் நான் கேட்ட மிகக் குறுகிய கூட்டம் அது. தலைவர் இல்லை, குறிப்பில்லை, கேக்கும் இல்லை. இப்படி நடந்துகொண்டால் ஒரு நாடு எப்படி உருப்படும்?

அன்று பின்னேரமே பதினோராவது கூட்டம். இராஜநாயகம் உண்மையாகவே மனமுடைந்திருந்தார். “சொந்த ஜெனரேற்றர் வாசலில நிக்கேக்க, திரும்பவும் அதே வயர்! கட்டடத்தின்ர வடிவைக் கெடுத்ததுக்கு மூன்றாம் மாடிக்கு எச்சரிக்கைக் கடிதம். ஆமோதிப்பவர்?”

இந்த மௌனம் நீடிக்கவில்லை. என் புத்தகத்தில் பன்னிரண்டு பக்கம் மிச்சம் இருந்தது. கூட்டம் முடிந்தால் வாசிக்கலாம். பேனையை மேசையில் வைத்தேன். கையைத் தூக்கினேன்.

அன்றிரவு கடிதம் எழுதுவதிலேயே போயிற்று; மறுநாள் காலை அதை நானே கொண்டுபோனேன். மாக்ரெட் கதவில் நின்றபடி வாசித்தார். உள்ளே ரொனி கண்ணை மூடிக் கிடந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“வடிவான எழுத்து,” என்றார். “இதை ஆர் ஆமோதிச்சது?”

“நான்தான், அன்ரி.”

கடிதத்தை நாலாக மடித்தார். அவர் கோபிக்கவில்லை. உண்மையிலேயே தெரியாத ஒன்றைக் கேட்பவர் போலத்தான் கேட்டார்.

“நீங்கள் படிச்ச பிள்ளை. ரொனி மூச்சு விட முந்நூற்றைம்பது வொட். ஒரு கையைத் தூக்க எத்தினை வொட் வேணும், தம்பி?”

நான் படியிறங்கி வந்தேன். பன்னிரண்டு பக்கங்களையும் அன்று வாசிக்க முடியவில்லை. ஆனால் குறிப்பை முடித்துவிட்டேன், வழக்கமான அழகிய எழுத்தில்: “கடிதம் கையளிக்கப்பட்டது. கேள்வி எதுவும் எழுப்பப்படவில்லை.”