பதினான்காம் வரிசைப் பயிற்சியாளர்

ஒரு ஹாக்கி அணிக்கு எத்தனை பயிற்சியாளர்கள் என்று கேட்டால், விவரம் தெரியாதவர்கள் ஒருவர் என்பார்கள். கொஞ்சம் தெரிந்தவர்கள், கோல்கீப்பருக்குத் தனியாக இன்னொருவர் உண்டே என்று இரண்டாக்குவார்கள். பார்வையாளர் படிக்கட்டில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே, யாரும் அழைக்காமலே, தொண்டை கிழிய அணிக்குப் பாடம் எடுக்கிறாரே, அவரைக் கணக்கில் சேர்த்தீர்களா? சேர்க்க மாட்டீர்கள். அந்த ஆதங்கத்தில்தான் மனிதர் இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கத்துகிறார்.

படிக்கட்டுப் பயிற்சியாளர் என்ற இந்த இனத்தை அடையாளம் கண்டுகொள்ள அதிகம் சிரமப்பட வேண்டாம். ஆட்டம் தொடங்குவதற்கு முன் நீலத் தரைமேல் குழாய்கள் தண்ணீர் பீய்ச்சும் அல்லவா, அப்போதே, "தண்ணி ஜாஸ்தி, பந்து வழுக்கிட்டு ஓடப்போகுது பாருங்க" என்று ஒரு குரல் கேட்கும். அவர்தான். பந்து வழுக்கினால் "நான் அப்பவே சொன்னேன்" என்பார். வழுக்காவிட்டால், "நல்ல வேளை, வெயில் காப்பாத்துச்சு" என்பார். ஆண்கள் ஆடும்போது, "பொண்ணுங்க எவ்வளவு அழகா பாஸ் கொடுக்கிறாங்க, பார்த்துக் கத்துக்கோங்கடா!" என்று திட்டுவார். பெண்கள் ஆடும்போது, "பசங்க மாதிரி ஓங்கி அடிங்கம்மா, என்ன தடவிட்டு இருக்கீங்க!" என்று அதே தொண்டையால் திட்டுவார். இரண்டு அணியும் அவர் பேச்சைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. இவர் எந்தக் காலத்தில் ஹாக்கி ஆடினார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் கால்சட்டையை மடித்துவிட்டு ஒரு தழும்பைக் காட்டுவார். பள்ளிக்கூடத்தில் கோட்டுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தபோது கணுக்காலில் பந்து பட்ட காயம் அது. வருஷா வருஷம் அந்தக் காயம் மேலே ஏறி, இப்போது முழங்காலுக்கு வந்திருக்கிறது.

பக்கத்து நாடுகளெல்லாம் கூடி ஆடும் பிராந்தியக் கோப்பை சென்ற முறை நடந்தபோது, இந்த இனத்தின் அசல் வாரிசு ஒருவர் பதினான்காம் வரிசையில், வீட்டிலிருந்து கொண்டுவந்த மெத்தையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். கடையில் இருக்கும்போது பரம சாது. வாடிக்கையாளர் மூன்றாவது வரியைத் தப்பாகப் படித்தால்கூட "பரவாயில்லைங்க, நிதானமா படிங்க" என்பார். மைதானத்துக்கு வந்துவிட்டாலோ, நடுவர்மேல் பாய்வதில் தொழில் புத்தி வந்துவிடும். "சார், நாளைக்குக் கடைக்கு வாங்க! கண்ணை நானே டெஸ்ட் பண்றேன்!" நடுவர் வெளிநாட்டுக்காரர், இவர் மொழி புரியாது. அது ஒரு பொருட்டா என்ன? ஒருமுறை ஒரு நடுவர், யாரோ வாழ்த்துகிறார்கள் என்று நினைத்துக் கையை அசைத்துவிட்டுப் போனார். "பாருங்க, தப்பை ஒத்துக்கிட்டார்" என்றார் நம் ஆள்.

இவருக்கு இடது பக்கம் பேக்கரிக்காரர். வலது பக்கம் இவர் தாலி கட்டிய வீட்டுக்காரம்மா. பேக்கரிக்காரருக்கு ஹாக்கியில் பந்து மஞ்சளாக இருக்கும் என்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. சிஷ்யன் என்றால் இப்படியல்லவா கிடைக்க வேண்டும்! "அண்ணே, இப்ப ஏன் விசில் அடிச்சாங்க?" என்று அவர் கேட்க, இவர் ஒரு விளக்கம் சொல்ல, சொல்லி முடிப்பதற்குள் இவர் சொன்னதற்கு நேர்மாறாக நடுவர் கை காட்ட, "அண்ணே..." என்று அவர் இழுக்க, "அதான் சொன்னேனே, நடுவர் சரியில்லைன்னு" என்று இவர் முடிக்க, இப்படியே பொழுது போய்க்கொண்டிருந்தது.

இதுவரை எல்லாம் தமாஷ்தான். விஷயம் எங்கே முற்றியது என்றால், பெண்கள் அணியின் கோல்கீப்பர் இவருடைய சொந்த மகள்.

எட்டு வயதில் மகள் ஹாக்கி மட்டையைத் தொட்ட நாளிலிருந்து அவள் ஆடிய எந்த ஆட்டத்தையும் இவர் விட்டதில்லை. ஓர் ஆட்டத்திலும் வாயை மூடியதும் இல்லை. லீக் சுற்றில் ஒருநாள், எதிரணிப் பெண் பந்தோடு தனியாக வந்தபோது, "முன்னாடி ஏறு! முன்னாடி ஏறு!" என்று இவர் அலறினார். பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய குரல். காது கேட்டதும் கால் கிளம்பிவிட்டது. மகள் முன்னால் ஓடிவர, அந்தப் பெண் பந்தை நிதானமாக அவள் தலைக்குமேல் தூக்கி வலைக்குள் போட்டாள். மைதானமே "ஐயோ" என்றது. "ரொம்ப முன்னாடி ஏறிட்டா" என்றார் தகப்பனார்.

அன்று வீட்டுக்கு வந்த மகள் காலணியைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா, கோச்சம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? இன்னொரு தடவை கூட்டத்துலேர்ந்து வர்ற சத்தத்துக்கு நான் ஆடினா, என்னை உட்கார வெச்சுட்டு அடுத்த கீப்பரை இறக்கிடுவாங்களாம்."

"கூட்டத்துல ஆயிரம் பேர் கத்துவாங்கம்மா. நீ ஏன் காதுல வாங்குற?"

"ஆயிரம் பேர் கத்தினா எனக்குக் கேட்கறதில்லைப்பா. நீங்க கத்தினாத்தான் கேட்குது."

மகிழ்வதா வருந்துவதா என்று தெரியாமல் மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப நான் ஃபைனலுக்கு வரலை. விடு."

"வராம இருந்தா கொன்னுடுவேன். வரணும். வாயை மட்டும் திறக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினார். அணி அதுவரை அந்தக் கோப்பையைத் தொட்டதே இல்லை. மகள் கோல்கம்பங்களுக்கு நடுவே நிற்பதும் ஓரமாக உட்காருவதும் இப்போது தன் நாக்கில் இருக்கிறது என்று மனிதருக்கு அப்போதுதான் புரிந்தது.

இறுதி ஆட்டத்தன்று வீட்டுக்காரம்மா ஒரு பை நிறையப் பெப்பர்மின்ட் கொண்டுவந்தார். "இந்தாங்க, வாயில போட்டுக்கோங்க. தீரத் தீரத் தர்றேன். திறந்தீங்க, நான் வேற வரிசைக்குப் போயிடுவேன்."

தண்ணீர் பீய்ச்சினார்கள். பதினான்காம் வரிசையிலிருந்து சத்தமே இல்லை. பேக்கரிக்காரர் பதறிப்போனார்.

"அண்ணே, உடம்பு ஏதும் சரியில்லையா?"

இவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"அக்கா, அண்ணனுக்குத் தண்ணி வேணுமா?"

"ஒண்ணும் வேண்டாம் தம்பி. விரதம்."

முதல் பாதி போனது. அதில்தான் மனிதருக்குப் பெரிய அடி விழுந்தது. என்ன அடி என்கிறீர்களா? அணி பிரமாதமாக ஆடியது. இவர் சொல்லாமலே பந்து ஓரத்துக்குப் போனது, இவர் சொல்லாமலே நடுவுக்கு வந்தது, இவர் சொல்லாமலே பெனால்டி கார்னரில் ஒரு பெண் அடித்த அடி கோலுக்குள் இருக்கும் பலகையில் 'டமார்' என்று மோதிக் கோல் ஆனது. ஊரே எழுந்து குதித்தது. இவரும் குதித்தார், ஆனால் மனசு குதிக்கவில்லை. இத்தனை வருஷமாக நான் கத்தியது எதற்கு என்று உள்ளே ஏதோ கேட்டது. அதற்குப் பதில் சொல்லப் பிடிக்காமல் இன்னொரு பெப்பர்மின்ட்டை வாயில் போட்டார்.

இடைவேளை முடிந்து மூன்றாம் கால் பகுதியில் ஒரு விபரீதம். எதிரணி அடித்த சப்பை அடி ஒன்று, பால்காரர் சைக்கிளைப் போல ஆடி அசைந்து உருண்டு வந்தது. குழந்தைகூடத் தடுத்திருக்கும். மகளின் ஹெல்மெட் அந்த நேரம் பார்த்து வேறு எங்கோ திரும்பியிருந்தது. பந்து அவள் காலைக் கடந்து உள்ளே போய்விட்டது. ஒன்றுக்கு ஒன்று.

"எங்கே பார்க்கிறா இவ!" என்ற வார்த்தை இவர் தொண்டை வரை வந்து, பெப்பர்மின்ட்டில் முட்டி, திரும்பிப் போனது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஓரமாக நின்ற கோச்சம்மா, அடுத்த கீப்பரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். இவர் வீட்டுக்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கோச்சம்மா என்ன நினைத்தாரோ, உயர்த்திய கையை இறக்கிவிட்டார்.

"நான் கத்தலையே?" என்றார் இவர், மெல்ல.

"இல்லை. பேசாம இருங்க."

கடைசிவரை ஒன்றுக்கு ஒன்றுதான். அடுத்து ஷூட்-அவுட். பந்தோடு ஒரு பெண், எதிரே கோல்கீப்பர், நடுவில் வேறு யாருமில்லை. எட்டு நொடிக்குள் கோல் போட வேண்டும். இரண்டு பக்கமும் மாறி மாறி அடித்து, நம் அணி ஒரு கோல் முன்னால் நிற்கிறது. எதிரணியின் கடைசிப் பெண் வருகிறாள். மகள் இவளைத் தடுத்தால் கோப்பை. மைதானத்தில் ஊசி விழுந்தால் கேட்கும்.

கண்ணாடிக் கடைக்காரருக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பெண் வலது பக்கம்தான் திரும்புவாள். சந்தேகமே இல்லை. தோளைப் பார்த்தாலே தெரிகிறதே! ஒரே ஒரு வார்த்தை. அந்த அமைதியில் மெல்லச் சொன்னால்கூட மகளுக்குக் கேட்டுவிடும். சொல்லாமல் விட்டுக் கோப்பை போனால், பெற்ற தகப்பன் வாயில் மிட்டாயை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தான் என்றல்லவா ஆகும்? நாக்கு நமநமத்தது. உடம்பு முழுவதும் வலது பக்கம் சாய்ந்து வீட்டுக்காரம்மாவை நசுக்கியது. வாயைத் திறந்தார். மகளிடம் செய்த சத்தியம் ஞாபகம் வந்தது. மூடினார். பெப்பர்மின்ட் முழுசாக உள்ளே இறங்கியது.

விசில்.

அந்தப் பெண் இடது பக்கம் திரும்பினாள். மகள் அவசரப்படவில்லை, கடைசி நொடி வரை பொறுத்து, காலை நீட்டிச் சரிந்தாள். பந்து காலில் கட்டிய பேடில் பட்டு வெளியே தெறித்தது.

படிக்கட்டே எழுந்து ஆடியபோது, எழாமல் உட்கார்ந்திருந்தவர் ஒருவர்தான். "இடதும்மா... அவ இடது பக்கம் போயிட்டாம்மா" என்றார் வீட்டுக்காரம்மாவிடம். "நான் வலதுன்னு சொல்ல இருந்தேன். சொல்லியிருந்தேன்னா..." இத்தனை வருஷத்தில் முதல்முறையாக மனிதர் தன் வாயைப் பார்த்துப் பயந்தார்.

அந்தப் பயம் எவ்வளவு நேரம் இருந்தது என்கிறீர்களா? பதினான்காம் வரிசையிலிருந்து படியிறங்கி வாசலுக்கு வரும் வரைக்கும். வாசலில் யாரோ கைகுலுக்கி, "பொண்ணு அசத்திட்டா சார்" என்றதும், "பின்னே? கடைசி நேரத்துல நான் ஒரு வார்த்தை பேசினேனா பாருங்க. கீப்பரை எப்பத் தனியா விடணும்னு தெரியணும். அது ஒரு டாக்டிக்ஸ்" என்றார்.

பேக்கரிக்காரர் பக்கத்தில் நின்று, "இடது பக்கம்தான் வரும்னு நான் அப்பவே நினைச்சேன்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். வியாதி தொற்றிவிட்டது.

மகள் கழுத்தில் பதக்கமும் தோளில் பையுமாக வந்தாள். அப்பாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"அந்தச் சப்பை கோல் போச்சே, அது உங்களாலதான்ப்பா."

"நான் வாயே திறக்கலையேம்மா! அம்மாவைக் கேளு!"

"அதான். சின்ன வயசுலேர்ந்து முதுகுக்குப் பின்னாடி உங்க சத்தம் கேட்டுட்டே இருக்கும். இன்னைக்கு ஒண்ணுமே கேட்கலை. உங்களுக்கு என்னமோ ஏதோன்னு பயந்துபோய் மேலே திரும்பிப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துப் பந்து வந்துடுச்சு."

தகப்பனார் பையில் பெப்பர்மின்ட் மிச்சம் இருக்கிறதா என்று துழாவினார். வீட்டுக்காரம்மாதான் வாயைத் திறந்தார். "கத்தினாலும் கோல், கத்தாட்டியும் கோல். இந்த மனுஷனை நான் எங்கேதான் கொண்டுபோய் வைக்கிறது?"

"அடுத்த தடவை கத்துங்கப்பா" என்றாள் மகள். "என்ன வேணா கத்துங்க. எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லாதீங்க."

மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார், தொண்டையைச் செருமினார்.

"சரிம்மா. ஆனா ஒண்ணு. அவ இடதுதான்னு எனக்கு அப்பவே தெரியும்."

உங்களுக்கும் ஒரு வார்த்தை. பெப்பர்மின்ட் வந்த இடத்திலேயே, "இந்த ஆள் கத்தி எல்லாத்தையும் கெடுக்கப்போறார் பாரு" என்று முடிவு கட்டிவிட்டீர்களா? கத்தவில்லை என்று தெரிந்ததும், "இப்படித்தான் முடியும்னு நான் அப்பவே நினைச்சேன்" என்று மெல்ல மாற்றிக்கொண்டீர்களா? சங்கடப்படாதீர்கள். அடுத்த கோப்பைக்குப் பதினான்காம் வரிசையில் கண்ணாடிக் கடைக்காரருக்கு இடது பக்கம் ஓர் இடம் காலி. பேக்கரிக்காரர் இப்போது பன்னிரண்டாம் வரிசையில் தனியாகத் தொழில் தொடங்கிவிட்டார். மெத்தையை மட்டும் நீங்களே கொண்டுவந்துவிடுங்கள்.