வேலிக்காத்தானுக்குள்ளே ஒரு விவசாயம்

கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி இளவரசிக்குத் தெரியாமல் நான் ஒரு காரியமும் செய்ததில்லை. செய்யக்கூடாது என்று இல்லை. செய்ய முடிந்ததில்லை. டீக்கடையில் ஒரு வடை கூடுதலாகத் தின்றுவிட்டு வந்தால், வாசலிலேயே மெது வடையா மசால் வடையா என்று கேட்பாள். பதில் சொல்வதற்குள் அவளே சொல்லியும் விடுவாள்.

ஒருநாள் கடையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ரோஷம் வந்தது. சாவதற்குள் இவளுக்குத் தெரியாத ரகசியம் ஒன்றாவது எனக்கென்று இருக்க வேண்டும் என்று தீர்மானம் செய்தேன். சின்னதாக இருந்தாலும் போதும். அது கஞ்சாச் செடியாக வந்து வாய்த்ததுதான் என் தலையெழுத்து.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் பூவராகவன். செவிலிமேட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். காஞ்சிபுரமே பட்டு இழையைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது செம்புக் கம்பியைச் சுற்றுகிறவன். இளவரசி வீட்டிலிருந்தபடியே, பெரிய காஞ்சிபுரத்துக் கடைகள் அனுப்பும் பட்டுப் புடவைகளுக்குக் குஞ்சம் கட்டுகிறாள். கம்பியில் சிக்கு விழுந்தால் நான் வெட்டி எறிந்துவிடுவேன். இழையில் சிக்கு விழுந்தால் அவள் உட்கார்ந்து பிரிப்பாள். எங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

வருஷக்கணக்கில் சம்மணம் போட்டுக் காயில் கட்டியதில் என் முழங்கால் மடங்க மறுத்தது. டாக்டர் பரிசோதித்துவிட்டு, கூடவே சர்க்கரையும் எட்டிப் பார்க்கிறது, தினமும் நடங்கள் என்றார். நான் டாக்டரை மாற்றினேன். புது டாக்டரும் நடக்கத்தான் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் என் சிநேகிதன் தனசேகரன் பழுதான மோட்டார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஆந்திரப் பக்கம் லாரி ஓட்டுகிறவன். என் முழங்காலைப் பார்த்துப் பரிதாபப்பட்டான். வெளிநாட்டில் இதற்கெல்லாம் கஞ்சா இலையில்தான் வைத்தியம் செய்கிறார்கள், இரண்டு ஜாதிச் செடிகளை ஒட்டவிட்டுப் புதுப்புது ரகம் உண்டாக்கி, அவரவர் இஷ்டத்துக்குப் பெயர் வைத்துக்கொள்கிறார்கள் என்றான். போகும்போது ஒரு பொட்டலத்தை என் கையில் திணித்தான். உள்ளே கொஞ்சம் விதை.

நான் காஞ்சியில் பிறந்தவன். கஞ்சி குடித்து வளர்ந்தவன். கஞ்சாவை மட்டும் கண்ணால் கண்டதில்லை. அதைப் பயிரிட்டால் ஜெயில் என்று தெரியும். கம்பி சுற்றிப் பிழைக்கிறவன் கடைசியில் கம்பி எண்ணப் போக வேண்டியதுதான். ஆனாலும் அந்தப் பொட்டலம் சட்டைப் பையில் இருந்தபோது, முதன்முதலாக எனக்கென்று ஒரு சொத்து இருப்பதுபோல் இருந்தது. முழங்கால் வலிகூட அப்புறம்தான். புது ரகம், அதற்கு ஒரு பெயர், அதற்குப் பின்னால் ஒரு விஞ்ஞானி. இத்தனையும் இளவரசிக்குத் தெரியாமல்.

பாலாற்றுப் பக்கம் போகும் சாலையில் ஒரு காலி மனை உண்டு. சுற்றிலும் வேலிக்காத்தான் முள் மண்டிக் கிடக்கும். யாரோ மெட்ராஸ்காரர் வாங்கிப் போட்டுவிட்டு மறந்துபோன மனை என்று நானே முடிவு செய்துகொண்டேன். முள்ளுக்குள் குனிந்து நுழைந்தால் நடுவில் நல்ல வெயில் விழும் இடம் இருந்தது. அங்கே விதையைத் தூவிவிட்டு வந்தேன்.

இளவரசியிடம், டாக்டர் சொன்னபடி நாளை முதல் காலையில் வாக்கிங் போகப்போவதாகச் சொன்னேன். அவள் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு நல்லது என்றாள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கோ பெருமைதான் வந்தது.

விதை முளைத்தது. என் வாழ்க்கையில் நான் வைத்து முளைத்த முதல் பயிர் அது. எங்கள் வீட்டில் நான் தொட்ட துளசிகூடத் துவண்டுவிடும். இளவரசி துடைப்பத்தை நட்டால்கூடத் துளிர்க்கும். அதனால் அந்த முளைகளைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஒருநாள் காலை போய்ப் பார்த்தால், செடிகள் எல்லாம் லேசாக வாடியிருந்தன. ஆனால் முந்தின நாளைவிட உயரமாக இருந்தன. இலையும் வேறு மாதிரி இருந்தது. ஒரே நாளில் இவ்வளவு வளர்ச்சியா என்று மலைத்துப்போனேன். என் கைராசி என்று முடிவு செய்து, தண்ணீரைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினேன்.

அதற்குப் பிறகு செடிகள் மதமதவென்று வளர்ந்தன. கைவிரலை விரித்துக் காட்டியதுபோல, விளிம்பெல்லாம் பல் வைத்த இலை. செல்போனில் பார்த்த கஞ்சா இலைப் படத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை. தண்டு சிவந்த உயரச் செடி ஒன்றையும், தண்டு பச்சையான குட்டைச் செடி ஒன்றையும் பொறுக்கி வைத்துக்கொண்டேன். இவர்கள்தான் மாப்பிள்ளை, பெண். பூ வந்ததும், காது குடையும் பஞ்சுக் குச்சியால் ஒன்றின் மகரந்தத்தை எடுத்து இன்னொன்றில் வைத்தேன். ஐயர் இல்லை, மேளம் இல்லை, முகூர்த்தம் மட்டும் நானே பார்த்துக்கொண்டேன்.

பூ மஞ்சளாக, நடுவில் கருஞ்சிவப்புப் பொட்டு வைத்துப் பெரிதாக இருந்தது. செல்போன் படத்தில் அப்படிப் பூ இல்லையே என்று ஒரு கணம் யோசித்தேன். உடனே புரிந்தது. அதுதான் புது ரகம். தனசேகரனிடம் போட்டோவைக் காட்டினேன். அவனும் இந்த மாதிரி ஒன்றை எங்கேயும் பார்த்ததில்லை என்று சத்தியம் செய்தான். அந்த ரகத்துக்கு 'இளவரசி' என்று பெயர் வைத்தேன். யாருக்குத் தெரியாமல் செய்கிறேனோ அவள் பெயரையே வைத்தது ஏன் என்று கேட்காதீர்கள். வேறு பெயர் எனக்குத் தோன்றவில்லை.

நாலு இலையைப் பறித்து, காயவைத்து, கடையில் கஷாயம் போட்டுக் குடித்தும் பார்த்தேன். புளிப்பாக இருந்தது. தரமான சரக்கு புளிக்கும்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சிறிது நேரத்தில் உடம்பு மிதந்தது. உலகமே மெதுவாகச் சுற்றியது. அன்றைக்குக் காயில் கட்டிக்கொடுத்த மோட்டார்தான் எதிர்த்திசையில் சுற்றியது. அதையும் போதைக் கணக்கிலேயே எழுதிக்கொண்டேன். முழங்கால் வலி நாளுக்கு நாள் குறைந்தது. வீட்டுக்குச் சீட்டியடித்துக்கொண்டு போனேன். இளவரசி மத்தியானச் சாப்பாட்டுக்கு அடிக்கடி புளிச்சக்கீரைத் தொக்கு வைத்தாள். பக்கத்து வீட்டு அம்சாவுக்குத் தெலுங்கு பாஷை. அவள் அதைக் கோங்கூரா என்பாள். அவள்தான் பக்குவம் சொல்லிக் கொடுத்திருப்பாள் என்று நினைத்து இரண்டு கை அதிகமாகவே சாப்பிட்டேன்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது போலீஸ் வந்தது.

பாலாற்றுப் பக்கம் மாடு மேய்க்கப் போன யாரோ முள்வேலி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போன் போட்டிருக்கிறார்கள். நான் பஞ்சுக் குச்சியும் கையுமாகக் கல்யாண வேலையில் இருந்தேன். பின்னால் முள் முறியும் சத்தம் கேட்டுத் திரும்பினால் சப்-இன்ஸ்பெக்டர் ஆனந்தராஜ். அவருக்குப் பின்னால் தேவிப்ரியா என்கிற பெண் போலீஸ். என்னய்யா இது என்றுதான் கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கஞ்சாதான் சார் என்றேன். நானேதான் விதைத்தேன் என்றேன். புது ரகம் கண்டுபிடித்திருக்கிறேன் என்பதையும் விடவில்லை. தனசேகரன் பெயரை மட்டும் எப்படியோ விழுங்கிவிட்டேன். கடை, வீடு, குஞ்சம் தொங்கும் புடவைகள் எல்லாம் கண்முன்னே வந்து போயின. கடைசியில் இளவரசியின் முகம் வந்தது.

"சார், எது கேக்கணும்னாலும் என்னையே கேளுங்க," என்றேன். "என் வீட்டம்மாவுக்கு இதுல ஒண்ணுமே தெரியாது சார். அவ பேரு இதுல வரக்கூடாது. நான் எத்தினி வருசம் வேணும்னாலும் உள்ள இருக்கறேன்."

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். அந்த நேரத்தில் தேவிப்ரியா ஒரு இலையைக் கிள்ளினார். முகர்ந்தார். வாயில் போட்டு மென்றார். அவர் முகம் புளித்தது.

"சார்," என்றார், "இது புளிச்சக்கீரை சார்."

சப்-இன்ஸ்பெக்டரும் ஒரு இலையை மென்றார். அவருக்கும் புளித்தது. எனக்கு மட்டும் கசந்தது. அப்போது வேலிக்காத்தானை விலக்கிக்கொண்டு ஒரு கூடை உள்ளே வந்தது. கூடைக்குப் பின்னால் இளவரசி. பழகின வழியில் வருகிறவள்போல் முள் படாமல் வந்தாள். போலீசைப் பார்த்தும் பதறவில்லை. கூடையைக் கீழே வைத்துக் கும்பிட்டாள்.

புளிச்சக்கீரையைக் கஞ்சா என்று இந்த ஆள் ஏனம்மா சொல்கிறார் என்று சப்-இன்ஸ்பெக்டர் அவளிடம் கேட்டார்.

"அவருக்கு இலை அடையாளம் தெரியாது சார். முளைக்கீரையும் பாலக்கீரையும் ஒண்ணும்பாரு. யாராச்சும் வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பாங்க, இவரு நம்பிக்கினாரு. வேற எதுனா இருக்குதான்னு நீங்களே பாத்துக்குங்க சார்."

பார்த்தார்கள். செடி செடியாகப் பார்த்தார்கள். அத்தனையும் புளித்தது. போகும்போது சப்-இன்ஸ்பெக்டர் என் தோளில் கைவைத்து, செய்யாத குத்தத்தை இவ்வளவு ஆசையாக ஒப்புக்கொண்ட ஆளை என் சர்வீஸில் பார்த்ததில்லைப்பா என்றார். இளவரசி ஆளுக்கொரு கட்டு கீரை பறித்துக் கொடுத்தாள். தேவிப்ரியா தொக்குக்குப் பக்குவமும் கேட்டுக்கொண்டு போனார்.

வீடு வரைக்கும் கூடை என் தலையில் இருந்தது. வீட்டுக்குள் வந்து தண்ணீர் குடித்த பிறகுதான் கேட்டேன்.

"எப்போ தெரியும் உனக்கு?"

"நீங்க வெதைச்ச அன்னிக்கே. தனசேகரன் அண்ணன் பயந்துக்கினு அவங்க வூட்டம்மா கங்கையம்மாள் அக்காகிட்ட சொல்லியிருக்காரு. அக்கா எனக்குப் போன் போட்டுச்சு. மறுநாளே உங்க பின்னாடியே வந்து எடத்தையும் பாத்துக்கினேன்."

"அப்போ என் செடி?"

"விரல் நீளம் முளைக்கறவரிக்கும் பாத்தேன். நிஜமாவே அந்தச் செடிதான்னு தெரிஞ்சுது. அத்தினியும் புடுங்கி ஒழிச்சுக் கட்டிட்டு, அம்சா வூட்ல புளிச்சநாத்து வாங்கி நட்டுட்டேன். அதுவும் ஏறக்குறைய அதே மாதிரி இலைதான்."

"புடுங்கினது சரி. நட்டது எதுக்கு? சும்மா உட்டிருக்கலாமே?"

இளவரசி ஒரு கீரைக் கட்டைப் பிரித்து முறத்தில் உதறினாள்.

"டாக்டர் சொல்லி நீங்க நடக்கல. நான் சொல்லி நடக்கல. அந்தச் செடிக்கோசரம் தினம் நடந்தீங்க. கால் வலி போச்சு. போன மாசம் சக்கரை எறங்கியிருக்குதுன்னு டாக்டர் சொன்னாரே. சீட்டியடிச்சுக்கினு வூட்டுக்கு வந்தீங்க. அதைப் போயி எதுக்குக் கெடுக்கணும்?"

கஷாயம் குடித்து மிதந்ததைக் கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை. மரியாதையாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே, தலை நிமிராமல் இன்னொன்றும் சொன்னாள். கீரை பறிக்க வந்தவள், போலீஸ் வந்ததிலிருந்து முள்வேலிக்கு வெளியேதான் நின்றிருக்கிறாள். உடனே வந்திருக்கலாம். அவள் பேர் வரக்கூடாது என்று நான் கெஞ்சியதைக் கேட்டதும் கால் நகரவில்லையாம். நானும் ஒரு கட்டைப் பிரித்து ஆய உட்கார்ந்தேன். சம்மணம் போட முடிந்தது.

இவ்வளவு நடந்த பிறகும் எனக்குள் இருந்த ஆண்பிள்ளை அடங்கவில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் இனிமேல் எந்த ரகசியமும் கூடாது என்று ஆரம்பித்தேன். நான் மறைத்தது தப்பு, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் நீயும் இத்தனை மாதம் மறைத்திருக்கிறாய் என்றேன். என்னிடம் மறைக்கும் விஷயம் வேறு ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லிவிடு என்று கொஞ்சம் குரலை உயர்த்தியே சொன்னேன். நிச்சயமாக எதுவும் இருக்காது என்ற தைரியம்.

இளவரசி கையிலிருந்த காம்பைக் கீழே போட்டாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு இருக்குதுங்க. வூடு கட்ட ஆரம்பிக்கறப்ப சொல்லலாம்னு இருந்தேன். குஞ்சம் கட்டின காசுல சீட்டுப் போட்டு ஒரு எடம் வாங்கி வெச்சிருக்கறேன். உங்ககிட்ட சொல்லியிருந்தா தனசேகரன் அண்ணனுக்கு லாரி டயர் வாங்கக் குடுத்திருப்பீங்க."

எனக்குச் சந்தோஷமும் வந்தது, அவமானமும் வந்தது. எந்த இடம் என்று கேட்டேன்.

"நீங்க வெதை தூவினீங்களே, அதான். மாட்டியிருந்தா மொதல்ல என்னியத்தான் புடிச்சுக்கினு போயிருப்பாங்க."

யார் பேரில் பதிவு செய்திருக்கிறாய் என்று ஈனக்குரலில் கேட்டேன். தன் பேரில்தான் என்றாள். வேலிக்காத்தானை எல்லாம் வெட்டிச் சுத்தம் செய்ய வேண்டும், எப்படியும் தினம் காலையில் அங்கேதானே போகிறீர்கள், நாளையிலிருந்து அரிவாளையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்றாள். தலையாட்டினேன்.

மனைவி என்கிற சொல்லில் மனைதான் முதலில் வருகிறது என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.