தெப்பக்குளத்தில் வென்ற படகு

அமைதிபுரி என்ற தீவு நாட்டைச் சுற்றி நாலு பக்கமும் கடல்தான். ஆனால் அரண்மனையின் சன்னல்கள் எல்லாம் உள்ளே இருந்த தெப்பக்குளத்தைப் பார்த்தே வைக்கப்பட்டிருந்தன. மன்னர் அமைதிவர்மர் பிறந்ததிலிருந்து அந்தக் குளத்தைப் பார்த்து வளர்ந்தவர். தண்ணீர் என்றால் அவருக்கு அதுதான். ஆகவே அங்கே ஒரு வழக்கம் இருந்தது. தோணியோ, துடுப்போ, கட்டுமரமோ, எதுவானாலும் முதலில் தெப்பக்குளத்தில் மன்னர் முன்னால் மிதந்து காட்ட வேண்டும். குளத்தில் தேறியது கடலிலும் தேறும் என்பது அந்நாட்டுச் சட்டம்.

கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் கழுகுத்திட்டு என்றொரு பாறைத் திட்டு இருந்தது. கடற்பாசி எடுக்கும் பெண்கள் ஆண்டுதோறும் அங்கே போய்க் குடிசை போட்டுத் தங்குவார்கள். வாடைக்காற்று முற்றினால் கடல் திட்டின் மேலே ஏறிவிடும். அதற்குள் அவர்களைக் கரைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். இந்த வேலையைச் செய்துவந்த பழைய மரப்படகு போன வாடையில் பிளந்து மூழ்கியது. ஓட்டிய மாசானம் நீந்திக் கரையேறினான். இந்த ஆண்டு வேறொரு படகு பெண்களைத் திட்டில் இறக்கிவிட்டு வெளியூருக்குப் போய்விட்டது. காற்று வழக்கத்தைவிட முன்னதாகவே கிளம்பியது. திட்டில் இருந்த பெண்களுக்குத் தலைவி பேச்சி. அவள் மாசானத்தின் மனைவி. அவன் படகு கேட்டு அரண்மனை வாசலில் போய் நின்றான்.

சும்மா சொல்லக்கூடாது, அரசு உடனே செயல்பட்டது. வெளிநாட்டு வணிகர்களிடமிருந்து இரண்டு படகுகள் வந்து இறங்கின. இரண்டும் ஒரே வகை. அடிப்பாகம் கெட்டி, சுற்றிலும் காற்றடைத்த தடித்த ரப்பர் குழாய். அலை மோதினால் நொறுங்காது, தண்ணீர் ஏறினாலும் மூழ்காது. வித்தியாசம் அடியில்தான் இருந்தது. ஒன்றின் அடி கத்திபோல் கூர்மையாக இறங்கியது. இன்னொன்றின் அடி தாம்பாளம்போல் தட்டையாக இருந்தது. மக்கள் அவற்றைக் கூரடி, தட்டடி என்று அழைத்தார்கள்.

கூரடி அலையைக் கிழித்துக்கொண்டு போகும். ஆனால் சும்மா நிற்கும்போது இப்படியும் அப்படியும் சாயும். தட்டடி சும்மா நிற்கும்போது தரைபோல் நிற்கும். அலை வந்தால் ஒவ்வொன்றின் மேலும் போய் அறைபடும். இது ஏதோ ரகசியம் என்று நினைத்துவிடாதீர்கள். அமைதிபுரியில் எல்லோருக்கும் இது தெரியும். கடல் அமைச்சர் கோமகனார்கூடக் கடற்கரைத் தெருவில் பிறந்தவர்தான்.

குளத்தில் சோதனை நடந்தது. தட்டடியில் கோமகனார் ஏறினார். மெத்தை வைத்த இருக்கையில் அமர்ந்தார், மேலே துணிப்பந்தல். படகு அசையவே இல்லை. அடுத்து கூரடியின் விளிம்பில் கால் வைத்தார். அது ஒரு பக்கம் சாய்ந்தது. அமைச்சரின் பட்டு வேட்டி இடுப்புவரை நனைந்தது. கூட்டத்தில் சிரித்த இருவரைக் காவலர்கள் அழைத்துப் போனார்கள்.

மன்னர் நெடுநேரம் யோசித்தார். “நின்ற நீரிலேயே நிலைகொள்ளாத படகு, ஓடும் நீரில் நம் மக்களை என்ன செய்யும்? நினைக்கவே அஞ்சுகிறோம்” என்றார். அவையினர் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள்.

இருந்தாலும் மன்னர் ஜனநாயகவாதி. முடிவை மக்களே எடுக்கட்டும் என்று தேர்தல் அறிவித்தார். குளத்தில் இரண்டு படகுகளும் நிற்கும்; குடிமக்கள் தங்களுக்குப் பிடித்த படகுக்கு மாலை போட வேண்டும். திட்டில் இருக்கும் பெண்கள் வர முடியாதே என்று ஒருவர் கேட்டார். யாருக்காகப் படகு வாங்குகிறோமோ அவர்களுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்றும், அவர்கள் சார்பில் அதிகாரிகளே மாலை போட்டுவிடுவார்கள் என்றும் ஆணை பிறந்தது.

மாலை தொடுக்கப் பூ வர வேண்டும், பந்தல் போட வேண்டும், மன்னருக்கு நல்ல நாள் பார்க்க வேண்டும். இதற்கிடையே காற்று வலுத்துக்கொண்டே போனது. துறைமுகத்தில் சிவப்புக் கொடி ஏறியது. அபாயக் கொடி வாக்காளர்களின் மனத்தைக் கலைக்கிறது என்று அமைச்சர் அதை இறக்கச் சொன்னார். கொடி இல்லாததைக் கண்டு கடலுக்குப் போனவர்களில் நாலு குடும்பத்தார் வலையையும் தோணியையும் பறிகொடுத்து, உயிரை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள்.

தேர்தல் நாளில் தட்டடிக்கு மாலை போட்டவர்களுக்கு அதிலேயே குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி, இறங்கும்போது லட்டு கொடுத்தார்கள். மாசானம் கூரடிக்கு மாலை போட்டான். அவனுக்குப் பின்னால் வந்த சுடலை தட்டடிக்குப் போட்டான். சுடலை பேச்சியின் கூடப்பிறந்த தம்பி.

“அங்க நிக்கது ஒங்க அக்காடா” என்றான் மாசானம்.

சுடலை நிமிர்ந்து பார்க்கவில்லை. “ஊரே அதுக்குத்தான் போடுது மச்சான். நான் ஒருத்தன் மாத்திப் போட்டு என்ன ஆயிறப் போவுது? நாளைக்குப் பேரு குறிச்சுட்டான்னா துறைமுகத்துல வேல கெடைக்காது” என்றான். லட்டு அவன் கையில் உதிர்ந்துகொண்டிருந்தது.

தட்டடி அமோகமாக வென்றது. தோற்ற படகு கடலைத் தொட்டால் அது மக்கள் தீர்ப்பை அவமதிப்பதாகும் என்று மறு ஆணை வந்தது. கூரடியைக் குளத்து நடு மண்டபத்தில் சங்கிலி போட்டுக் கட்டினார்கள்.

வென்ற படகை மேளதாளத்தோடு கடலில் இறக்கி மாசானத்தின் கையில் கொடுத்தார்கள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவனுக்குத் திட்டுக்குப் போக வேண்டும். அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டியதும் முதல் அலை தட்டடியைத் தூக்கிக் கீழே போட்டது. இரண்டாவது அலையில் பந்தல் பறந்தது. மூன்றாவதில் மெத்தை இருக்கைகள் பிய்த்துக்கொண்டு போயின. அவன் படகை மீண்டும் மீண்டும் திட்டை நோக்கித் திருப்ப முயன்றான். ஒவ்வொரு முறையும் அலை அதைப் பின்னால் எறிந்தது. கடைசியில் கடலே அவனைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்தது.

அவை அவசரமாகக் கூடியது. கோமகனார் அறிக்கை வாசித்தார். “படகில் குறையில்லை. அது மாண்புமிகு குளத்தில் தேறிய படகு. கடல்தான் ஒத்துழைக்கவில்லை.” ஆகவே கொந்தளிப்பு என்ற சொல் தடை செய்யப்பட்டது. இனி அதை உற்சாகமான நீர் என்றே குறிப்பிட வேண்டும். உற்சாகம் தணியும்வரை திட்டுப் பெண்கள் பொறுமை காக்கும்படி கரையிலிருந்து முரசறைந்து கேட்டுக்கொண்டார்கள். அந்தக் காற்றில் அது அடுத்த தெருவுக்கே கேட்கவில்லை.

உச்சிப்பொழுதில் திட்டின் ஓரக் குடிசைகள் சரிவது கரையிலிருந்தே தெரிந்தது. யார் முதலில் நடந்தார்கள் என்று தெரியாது. மாசானம் போனான், சுடலை போனான், பிறகு தெருவே போனது. மண்டபத்துச் சங்கிலியை உடைத்தார்கள். கூரடியைத் தோளில் ஏற்றி, குளத்துப் படிகளில் வழுக்கி வழுக்கி ஏறி, தேர் வீதி வழியாகக் கடலுக்குச் சுமந்து போனார்கள். தூக்கியவர்களில் பாதிப்பேர் லட்டு தின்றவர்கள். அந்தச் சிறிது நேரம் அமைதிபுரி மிக நல்ல நாடாக இருந்தது. எனக்கு அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

கூரடி போனது. அலை உயர்ந்தபோது உயர்ந்து, கிழித்து, இறங்கி, மறைந்து, மறுபடி தெரிந்தது. மாசானம் உப்புத்தண்ணீரில் கண்ணெரியத் திட்டை அடைந்தபோது பெண்கள் முழங்கால் நீரில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரே நடையில் எல்லோரையும் ஏற்ற முடியாது. பேச்சி கர்ப்பிணிகளையும் வயதானவர்களையும் முதலில் ஏற்றினாள். அவளையும் ஏறச்சொல்லி மாசானம் கையை நீட்டினான்.

“மிச்சம் இருக்கவளுக என்னையப் பாத்துத்தான் அழாம நிக்காளுக. இவங்கள விட்டுட்டு வா. நான் நிக்கேன்” என்றாள். படகு விலகியபோது, “வந்துருவல்ல?” என்று கேட்டாள்.

“வந்துருதேன்” என்றான்.

கரையில் கோமகனார் வேல்பிடித்த காவலர்களோடு காத்திருந்தார். பெண்கள் இறங்கும்வரை பெருந்தன்மையோடு பொறுத்தார். பிறகு காவலர்களை விட்டுப் படகை மணல்மேட்டில் இழுத்துப் போட்டு, அதைப் பறிமுதல் செய்வதாக அறிவித்தார்.

மாசானம் மணலில் மண்டியிட்டான். “அய்யா, பாதிப்பேரு இன்னும் பாறையில நிக்காங்க. ஒரு நடை போயிட்டு வந்துருதேன். பெறகு என்னைய என்ன வேணா செய்யுங்க.”

“உணர்ச்சி வசப்படாதே, தம்பி. இது உன் மனைவி சம்பந்தப்பட்டது மட்டுமல்ல, மக்கள் தீர்ப்பின் மாண்பு சம்பந்தப்பட்டது. தோற்ற படகு ஒருமுறை கடலுக்குப் போனால் அது தவறு. இருமுறை போனால் அது முன்னுதாரணம்” என்றார் அமைச்சர். பிறகு கூட்டத்தைப் பார்த்து, இந்தப் படகைச் சுமந்து வந்தவர்கள் யார் யார், முன்னால் வரட்டும் என்றார்.

சுடலை வந்தான். அவன் மட்டும்தான் வந்தான்.

மற்றவர்கள் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்கள். எனக்கு அமைச்சர்மேல் கோபம் இல்லை. அவர் அவருடைய வேலையைச் செய்தார். என் கோபமெல்லாம் அந்த ஒரு அடிமேல்தான். இரண்டு பேரால் ஒரு படகைத் தூக்கிக் கடலில் இறக்க முடியாது. ஊர் சேர்ந்தால் முடியும் என்பதைச் சற்றுமுன்புதான் எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

கூரடியை உப்பு போகக் கழுவி மறுபடி குளத்துக்குக் கொண்டுபோனார்கள். மாசானத்தையும் சுடலையையும் அலைத்தடுப்புச் சுவர் ஓரத்துக் காவல் அறையில் அடைத்தார்கள். அரண்மனையைப்போல் இல்லாமல் அந்த அறையின் சன்னல் கடலைப் பார்த்து இருந்தது. பொழுது சாயும்வரை இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதலில் திட்டின் மேல் மனிதர்கள் தெரிந்தார்கள். பிறகு திட்டு தெரிந்தது. பிறகு நுரை மட்டும் தெரிந்தது.

கடல் அடங்கியபின் புது மெத்தைகள் தைத்த தட்டடி மேளத்தோடு திட்டுக்குப் போய்ச் சில குடிசைக் கம்புகளைக் கொண்டுவந்தது. அரசு வெற்றி அறிக்கை வெளியிட்டது. மீட்கப்பட்டவர்கள் அனைவரும் மீட்கப்பட்டுவிட்டார்கள் என்று அதில் இருந்தது. அதில் பொய் எதுவும் இல்லை.

அடுத்த ஆண்டு மறுபடி தேர்தல் வந்தது. இம்முறை குளத்தில் இரண்டு தட்டடிகள் நின்றன. ஒன்றில் நீல மெத்தை, இன்னொன்றில் சிவப்பு மெத்தை. எது சிறந்தது என்று தெருவுக்குத் தெரு அடிதடி நடந்தது. மாலை போடாதவர்கள் தேசத்துரோகிகள் என்பதால் விடுதலையாகி வந்த மாசானத்தின் கையிலும் ஒரு மாலையைக் கொடுத்தார்கள். அவன் குளத்துப் படியில் இறங்கவில்லை. மாலையோடு நேரே கடலுக்குப் போனான். திட்டு இருந்த திசையைப் பார்த்து அதைத் தண்ணீரில் விட்டான். வெகுநேரம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனான்.

அலை அந்த மாலையைத் திரும்பக் கொண்டுவந்து, துறையில் நின்றிருந்த பழைய தட்டடியின்மேல் போட்டது. அதிகாரிகள் ஓடிவந்து பார்த்தார்கள். அன்று சாயங்காலமே கோமகனார் குரல் தழுதழுக்க அறிவித்தார்: இதுவரை ஒத்துழைக்காத கடலும் மனம் மாறி அரசுக்கு வாக்களித்துவிட்டது. மன்னர் ஆனந்தக் கண்ணீர் விட்டார். கடலுக்கு நிரந்தர வாக்குரிமை அளித்து ஆணையிட்டார்.

கழுகுத்திட்டுப் பெண்களின் வாக்குரிமையிலும் யாரும் கைவைக்கவில்லை. வழக்கம்போல அதிகாரிகளே அவர்கள் சார்பில் மாலை போட்டார்கள். பேச்சியின் மாலையும் அதில் இருந்தது.