அத்தை துடைத்த தங்கம்

என்ன வேலை செய்கிறோம் என்பதைச் சொந்தக்காரர்களுக்குப் புரியும்படி சொல்லிவிடக் கூடாது. புரியாத வரைக்கும்தான் மரியாதை. நான் ஒரே ஒரு முறை சொன்னேன்.

அப்போது நான் ஆராய்ச்சி மாணவி. வீடு காசிமேட்டில். அப்பாவின் கவலை விசைப்படகு, அம்மாவின் கவலை என் கல்யாணம். என் கவலை நுண்ணோக்கி. ஒளிக்கு ஒரு குறை உண்டு. மிக நெருக்கமாக இருக்கும் இரண்டு புள்ளிகளை அது ஒன்றாகத்தான் காட்டும். கண்ணுக்கே தெரியாத தங்கத் துணுக்குகளைக் கண்ணாடிமேல் படியவைத்தால், அவை ஒளியைப் பிடித்துத் தங்கள் இடுக்குகளில் குவிக்கும். அங்கே வெளிச்சம் பல மடங்கு கூடும், தெரியாததும் தெரியும். இதைத்தான் அம்மாவிடம் விளக்கினேன். அம்மா தரகரிடம், "எம்பொண்ணு தங்கத்துல வேல செய்யுது" என்று சுருக்கிவிட்டாள்.

மீஞ்சூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பிரபுவுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. அவனுடைய அம்மா பஜ்ஜியைப் பிட்டபடி கேட்டார்:

"இன்னாமா, தங்கத்துல வேலையாமே. நக செய்வியா?"

"இல்ல அத்தை. தங்கத்த வெச்சி வெளிச்சத்த கூட்டுவோம்."

"எங்க, காட்டேன்."

அங்கேதான் என் அறிவு கிளம்பியது. மறுநாள் காலை வேறொரு ஆய்வகத்துக்கு எடுத்துப்போக வேண்டிய கண்ணாடித் துண்டு என் பையில், சின்ன டப்பாவில் இருந்தது. பல மாதம் திணறியதில் ஒழுங்காக வந்த ஒரே துண்டு. "ஓரத்த மட்டும் புடிங்க" என்று அதை அவர் கையில் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளையைப் பார்த்து ஒளியைப் பற்றி உரையாற்றத் தொடங்கினேன். (தலை குனிந்து உட்காரச் சொல்லியிருந்தாள் அம்மா. நான் காற்றில் அலைகள் வரைந்துகொண்டிருந்தேன்.) அவன் நிஜமாகவே கவனித்துக் கேட்டான். அதில் எனக்கு இன்னும் உற்சாகம் ஏறிவிட்டது.

"ஹா" என்று ஒரு சத்தம். திரும்பினேன். அத்தை, மூக்குக்கண்ணாடியில் ஊதுவதுபோல அந்தத் துண்டின்மேல் ஊதி, முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"லேசா செவப்பா அழுக்கு இருந்திச்சிம்மா. இப்ப பாரு, பளிச்சுனு கீது."

அந்த லேசான சிவப்புதான் தங்கம்.

கண்ணாடியைப் பார்த்தேன். முந்தானையைப் பார்த்தேன். அதற்குப் பிறகு என் வாயிலிருந்து வந்தது நான் யோசித்துச் சொன்னதல்ல.

"அத்தை, அந்தப் புடவைய கழட்டிக் குடுங்க."

அப்பாவின் டீ டம்ளர் உதட்டருகே நின்றுவிட்டது. அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "இன்னாங்க, உங்க பொண்ணு இப்டி கேக்குது?" என்றார். அம்மா என்னை உள்ளே இழுத்துப்போனாள். நான் "தங்கம் போச்சே" என்று அழுதேன். (வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கு, நகை கேட்டு அழுவதாகப் பட்டதாம்.)

அவர்கள் கிளம்பிய பிறகு அப்பா மெதுவாகச் சொன்னார்: "அவங்க சீர் கேப்பாங்கனு பயந்துகினு இருந்தேன். இவ இன்னாடான்னா மாமியா புடவைய கேக்குறா."

மறுநாள் என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய பேராசிரியை துண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "ரொம்ப சுத்தமா இருக்கு" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

அந்த வாரமே பிரபு போன் செய்தான்.

"அம்மா அந்தப் புடவைய இன்னும் தோய்க்கல. உங்களுக்குத் தேவப்படும்னு தனியா மடிச்சி வெச்சிகீறாங்க."

"துணியிலேர்ந்து எடுக்க முடியாதுங்க."

"தெரியும்" என்றான். "வேற இன்னா சொல்லி போன் பண்றதுனு தெரியல."

கல்யாணமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. அத்தை எங்களோடுதான் இருக்கிறார். கேட்காமல் எதையும் துடைப்பதில்லை. டிவியாகட்டும், ஜன்னலாகட்டும், துணியோடு வந்து நின்று, "இது அழுக்கா, ஆராய்ச்சியா?" என்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் முகமெல்லாம் மாம்பழமாக வந்து நின்றான். அத்தை அவன் தாடையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஊரிலிருந்து வந்திருந்த சொந்தங்கள் எல்லோரும் சிரிக்கக் காத்திருந்தார்கள். அம்மாதான் முந்திக்கொண்டாள்.

"கேட்டுக்கினே தொடைங்க அண்ணி. அப்பறம் புடவைய கேப்பா."